மஞ்சள் வைத்த வெட்சூட்

மாசி மாதத்து முதல் ஞாயிறன்று என் நாட்குறிப்பில் மூன்றே சொற்கள் இருக்கின்றன: "முழுகினேன். நடுங்கினேன். ஏறிவிட்டேன்."

நாற்பத்தேழு வயதில் புதுச்சேரிக் கடலில் ஸ்கூபா முக்குளிப்பு கற்கப் போயிருந்தேன். நான்கு ஞாயிறு பயிற்சி. கடைசி நாளில் அரை மணி நேரம் ஆழத்தில் இருந்துகாட்டினால் தேர்ச்சி. முதல் நாளே அடியில் இருந்த குளிர் என்னை மேலே துரத்திவிட்டது. வாடகைக்குத் தந்த வெட்சூட், அதாவது முக்குளிக்கப் போடும் ரப்பர் உடை, ஆண்களுக்கானது. தோளில் தொளதொளப்பு, இடுப்பில் இறுக்கம்.

"லேடீஸ் சூட் ஒண்ணு வாங்கிக்குங்க மேடம். இப்படியே நடுங்கினா நாலாவது வாரம் உங்கள இறக்க மாட்டேன்" என்றார் பயிற்சியாளர்.

வழக்கம்போல் படிக்க உட்கார்ந்தேன். வெட்சூட் தண்ணீரை முழுக்கத் தடுப்பதில்லை. தோலுக்கும் ரப்பருக்கும் நடுவில் சிக்கும் கொஞ்சம் தண்ணீர், உடம்புச் சூட்டில் வெதுவெதுப்பாகிறது. சூட் தளர்வாக இருந்தால் புதுத் தண்ணீர் புகுந்து அந்த வெதுவெதுப்பை அள்ளிக்கொண்டு போய்விடும். ஆகவே உடம்போடு ஒட்டிப் பிடிக்க வேண்டும். சென்னையில் வெட்சூட் விற்கும் ஒரு கடை உடம்பு அளவுகளைக் கேட்டது. திண்டிவனத்தில் பல வருடங்களாக எனக்கு ரவிக்கை தைப்பவரிடம் போய் அளவு கொடுத்து, அவர் எழுதித் தந்த சீட்டை அப்படியே அனுப்பினேன்.

நான்காம் ஞாயிற்றுக்கு முந்தைய வியாழக்கிழமை, விழுப்புரத்தில் என் அலுவலகத்துக்குப் பார்சல் வந்தது. மாலை ரயிலில் மடியில் வைத்துக்கொண்டே திண்டிவனம் வந்தேன். பிரித்ததும் மாமியார் தொட்டுப் பார்த்தார்.

"இன்னாம்மா இது, எருமைத் தோலாட்டம் கீது?"

நான் முகம் கழுவி வருவதற்குள் கழுத்துப் பட்டையின் உட்புறம் மஞ்சள் குழைத்து வைத்துவிட்டார். எந்தப் புதுத்துணியும் எங்கள் வீட்டில் மஞ்சள் படாமல் உடம்பில் ஏறாது.

காலில் பிளாஸ்டிக் பை மாட்டிக்கொண்டால் சூட் வழுக்கி ஏறும் என்று படித்திருந்தேன். பைக்கு வேலையே இல்லை. நைட்டி மாதிரி ஏறியது. தண்ணீர் புகுகிறதா என்று பார்த்துவிட வேண்டும். குளியலறையில் நின்று, "அத்தை, கழுத்துல ஒரு சொம்பு ஊத்துங்க" என்றேன்.

ஊற்றினார். முதுகைத் தட்டிப் பார்த்தார். "உள்ள போன தண்ணி அப்படியே நிக்குதும்மா. முதுவுல கொடம் கட்டிக்கினு கீற."

மறுநாள் காலை வெட்சூட்டை எடுத்துக்கொண்டு தையற்கடையில் போய் நின்றேன்.

"அளவு சரியாத்தாங்க்கா எடுத்தேன்" என்றார் தையல்காரர். "அதுக்கு மேல ரெண்டு இன்ச் சேத்து எழுதுனேன். எப்பவும் அப்படித்தான எழுதுறேன்?"

"எப்பவுமா? எங்கிட்ட சொன்னதே இல்லியே!"

"சொன்னா டைட்டா வையின்னுவீங்க. அப்புறம் கைய தூக்க முடியல, பஸ்ல கம்பிய புடிக்க முடியலன்னு இங்க வந்து நிப்பீங்க."

சென்னைக் கடைக்குப் போன் செய்தேன். கறை இல்லாமல் இருந்தால் மாற்றித் தருவார்களாம். சூட்டின் கழுத்துப் பட்டையைப் பார்த்தேன். மஞ்சள் பளிச்சென்று சிரித்தது.

"குடுங்க, மிஷின்ல புடிச்சிடுறேன்" என்றார் தையல்காரர்.

நல்லவேளை, பயிற்சியாளரைக் கேட்டுவிடலாம் என்று தோன்றியது. "மிஷின் வேணவே வேணாம்" என்று போனிலேயே அலறினார். "ஊசி மறுபக்கம் வந்தா ஒவ்வொரு ஓட்டையிலயும் தண்ணி ஏறும். வெட்டின ஓரத்த பசையால ஒட்டணும். தையல் ரப்பரோட பாதி கனத்தோட திரும்பிடணும்."

"இதானா?" என்று சிரித்தார் தையல்காரர். "பொடவைக்கு ஃபால்ஸ் அடிக்கிறேனே, முன்பக்கம் நூலு தெரியுதா?"

அன்று மாலை அலுவலகம் முடிந்து விழுப்புரத்திலிருந்து வளவனூர் வழியாகப் புதுச்சேரிக்குப் பேருந்தில் போய்ப் பயிற்சியாளரிடம் பசை வாங்கி வந்தேன். சனிக்கிழமை தையல்காரர் கடையைப் பாதி மூடிவிட்டு, இந்த முறை மூச்சைப் பிடிக்கச் சொல்லி அளந்தார். சூட்டில் முதுகின் பள்ளம் வரும் இடத்தில் படகு வடிவில் ஒரு துண்டை வெட்டி எடுத்தார். அந்தக் கத்தரிச் சத்தத்தில் எனக்கு நிஜமாகவே மூச்சு நின்றது. ஓரங்களை ஒட்டிக் காயவைத்து, பொழுது சாயும்வரை குனிந்த தலை நிமிராமல் கையால் தைத்தார்.

ஞாயிறு காலை பிளாஸ்டிக் பைக்கு வேலை வந்தது. பையோடு கால் மணி நேரம் போராடி உள்ளே நுழைந்தேன். படகிலிருந்து இறங்கி, கீழே போகப் போகக் குளிர் முதுகில் ஒரு கோடு போட்டது. போச்சு என்று நினைத்தேன். கோடு அங்கேயே நின்றது, மெல்ல வெதுவெதுத்தது. பயிற்சியாளர் கைக்கடிகாரத்தைக் காட்டி மேலே போகலாம் என்று சைகை செய்தபோது, வரிவரியாகக் கோடு போட்ட ஒரு மீன் கூட்டத்தை நான் இரண்டாம் தடவையாக எண்ணிக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் சூட்டை நல்ல தண்ணீரில் அலசி, உட்புறம் வெளியே வரும்படி திருப்பினேன். கம்பி ஹேங்கர் ரப்பரில் தடம் பதிக்கும் என்பதால் மூங்கில் கழியில் இடுப்போடு மடித்துப் போட்டேன்.

"மொட்டை மாடிக்கு எடுத்துக்கினு போயிடாத. வெயில் பட்டா வெடிச்சுப்பூடும்" என்று எனக்கே பாடம் நடத்தினார் மாமியார்.

சாயங்காலம் தையல்காரர் வந்தார். சான்றிதழை எடுத்து நீட்டினேன். அதை அவர் வாங்கவில்லை. நேராகக் கழியருகே போய் முதுகுத் தையலை இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்து, வெளிச்சத்தில் திருப்பிக் காட்டினார்.

"பாருங்க்கா. எங்கியாவது நூலு தெரியுதா?"

தெரியவில்லை. மஞ்சள்தான் தெரிந்தது, கடல் தண்ணீர் அதைக் கொஞ்சமும் கரைத்திருக்கவில்லை.