கெல்தூமா தண்ணீர் கட்டிய மரங்கள்

கெல்தூமா வாய்க்காலைத் திட்டிக்கொண்டே மடையைத் திறக்கிறாள். "வா, வா. மேலூர்க்காரன் எல்லாம் மூஞ்சி கழுவி முடிச்சப்புறந்தான் எங்கிட்ட வருவியா?" தண்ணீர் மலைக்குளிரோடு வந்து அவளுடைய பிளாஸ்டிக் செருப்பை நனைத்துவிட்டு, அக்ரூட் மரங்களின் காலடிக்குப் போகிறது.

தண்ணீர் அவளுடையது. அப்பா விட்டுப்போன முறைத்தண்ணீர்: முறை வரும் நாளில் வாய்க்கால் அவளுக்கு. நிலம் ஹத்துவுடையது. அட்லஸ் மலையில் இதில் வினோதம் ஒன்றுமில்லை. நிலமில்லாதவர் அடுத்தவர் நிலத்தில் கன்று நட்டு, தண்ணீர் கட்டி வளர்க்கலாம். முதல் காய்ப்பின்போது வரிசையாக நடந்து பிரித்துக்கொள்வார்கள்: நிலத்துக்காரருக்கு ஒரு மரம், நட்டவருக்கு அடுத்த மரம். ஊர்க்கூட்டத்தின் முன்னால் வாய்ப்பேச்சு போதும். கெல்தூமாவும் ஹத்துவும் அப்படித்தான் பேசிக்கொண்டார்கள்.

கன்றுகளை இலவசமாகத் தந்தது, மலைமக்களுக்கென்று தொழில் நடத்தும் ஒரு கம்பெனி. காயை அவர்களே நியாய விலைக்கு வாங்குவார்கள். லாபத்தில் ஒரு பங்கு பள்ளிக்கூடத்துக்கு. அதை அவள் ஒருநாளும் குறை சொன்னதில்லை. சாலை முடியும் இடத்திலிருந்து கன்றுகளைத் தன் கோவேறு கழுதை மேல் ஏற்றிக் கொண்டுவந்தாள். கழுதைக்குப் பெயர் கவர்னர். "தீனி போட்டா வாங்கிக்குவான். வேலைன்னா நாளைக்கு வாம்பான்."

சர்க்கரைக் கட்டியைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டுதான் தேநீர் குடிப்பாள். சண்டை வந்தால் முதலில் அதைக் கடித்து விழுங்குவாள். அந்தச் சத்தம் கேட்டால் பக்கத்தில் இருப்பவர்கள் நகர்ந்துகொள்வார்கள். பல் துலக்க அக்ரூட் பட்டையை உரிக்க வரும் புதுப்பெண்கள் அவளிடம் அடி வாங்காமல் போனதில்லை. "உன் பல்லு வெளுக்க எம்மரம் சாகணுமாடி? உன் மாமியார் தோலை உரி!" ஆட்டை ஓட்டப் போய் ஒருமுறை ஆட்டுக்காரனையே வாய்க்காலில் தள்ளியிருக்கிறாள். ஆடு அவன் பக்கத்து வீட்டுக்காரனுடையது என்று பிறகு தெரிந்தது. மன்னிப்பு கேட்கவில்லை.

இந்த வருடம் மரங்கள் முதல்முறையாகக் காய்த்தன. கம்பெனி எஞ்சினியர் ஜவாத் வந்து, ஒவ்வொரு மரத்திலும் வெள்ளைச் சாயத்தில் ஹத்துவின் அடையாளத்தைப் போட்டார்.

கன்னத்தில் சர்க்கரை நொறுங்கியது. "தம்பி, பாதி மரம் என்னோடது."

"நிலம் யார் பேர்ல இருக்கோ அவங்களுக்குத்தான் மரம், லல்லா. எங்க கம்ப்யூட்டர்ல அப்படித்தான் இருக்கு." பெரிய பெண்களை மரியாதையாக அழைக்கும் 'லல்லா'வை மட்டும் ஜவாத் மறக்கவில்லை.

"உங்க கம்ப்யூட்டரு எந்த வெயில்ல இங்க தண்ணி கட்டுச்சு?"

ஹத்து தாடியைத் தடவினான். "வழக்கத்தை நானா இல்லைங்கறேன்? கம்பெனி சொல்லுது. காய் பொறுக்க வா, மத்தவங்களைவிடக் கூடவே கூலி தர்றேன். கோவப்படாதே."

"எம்மரத்துல பொறுக்க எனக்கே கூலியா, ஹத்து அண்ணே? உன் பொண்டாட்டி தான் பெத்த பிள்ளையைத் தூக்கினா, அவளுக்கும் கூலிதான் கொடுக்கறியா?"

ஊர்க்கூட்டத்துக்குப் போனாள். வழக்கம் அவள் பக்கம்தான் என்றார்கள். ஆனால் கம்பெனி கோபித்துக்கொண்டால் ஊர்க் காயை யார் வாங்குவது என்றும் சொன்னார்கள். "அன்னிக்குச் சாட்சி சொல்ல எல்லாருக்கும் வாய் இருந்துச்சு. இன்னிக்கு எல்லாருக்கும் இருமல்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தாள்.

மலைமக்களுக்கென்று வந்த கம்பெனி. மலைமக்களில் ஒருத்தி அவர்கள் கணக்கில் எங்கும் இல்லை.

ஊர் குறித்த நாளில் அறுவடை தொடங்கியது. ஆண்கள் கிளைமேல் நின்று நீளக் கழியால் அடித்தார்கள். பச்சைத் தோலோடு காய்கள் உதிர்ந்தன. பெண்கள் குந்தி உட்கார்ந்து தோலை உரித்தார்கள். கெல்தூமா காயைத் தொடவில்லை. உரித்துப் போட்ட தோலை மட்டும் மடியில் அள்ளிக்கொண்டு வரிசையின் தலைக்குப் போனாள்.

முதல் மரத்தைத் தாண்டினாள். இரண்டாவதன் கீழே உட்கார்ந்து தோலைக் கல்லால் நசுக்கி, வெள்ளை அடையாளத்தின் மேல் அழுத்தித் தேய்த்தாள். அக்ரூட் தோலின் கறை எதில் பட்டாலும் போகாது. வெள்ளை பழுப்பாகி, பழுப்பு கறுப்பானது.

"ஏய், எல்லாத்தையும் அழிக்கப் போறியா?" ஹத்து கழியோடு ஓடிவந்தான்.

அவள் மீதித் தோலை மடியில் இறுக்கிக்கொண்டாள். எழுந்தாள். மூன்றாவது மரத்தில் பாவாடைகூடப் படாமல் ஒதுங்கி நடந்து, நான்காவதன் கீழே உட்கார்ந்து கல்லை எடுத்தாள்.