பாலிஷ் போட மறந்துட்டீங்களா?

பட்டை தீட்டாத கல்லில் நகை செய்கிறவர்களுக்குக் கையைவிட வாய்தான் முதலில் தேய்ந்து போகும். தையல் கடையோ ஜெராக்ஸ் கடையோ, வாடிக்கையாளர் என்கிற பிறவியோடு மல்லுக்கட்டுகிற யாராக இருந்தாலும் சரி, உட்காருங்கள். உங்களிடம்தான் சொல்லி ஆற வேண்டும்.

என் கடை மரக்காணத்தில், ஈ.சி.ஆர். ரோட்டோரம், உப்பளத்துக்கு எதிரில். வீட்டின் முன்னறைதான் கடை. பூமியிலிருந்து எடுத்த கற்களை அறுக்காமல், தேய்க்காமல், அப்படியே வெள்ளிக் கம்பியில் கட்டி தோடு, டாலர், மாலை என்று செய்கிறேன். வீட்டுக்காரருக்கு உப்பளத்தில் மேஸ்திரி வேலை.

உப்பா, கல்லா?

கார்க்காரர்கள் உப்புக் குவியல் பக்கத்தில் நின்று போட்டோ எடுப்பார்கள். வெயில் தாங்காமல் போனால் என் கடைக்குள் வந்துவிடுவார்கள். அப்படித்தான் சென்னையிலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். அவர் கையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வெள்ளை குவார்ட்ஸ் கல். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "உப்பளத்துக்கு எதிர்ல கடை வெச்சிட்டு, யாரை ஏமாத்தப் பாக்கறீங்க?" என்றார். கல்தான் சார் என்றேன், நம்பவில்லை. நான் தடுப்பதற்குள் நாக்கை நீட்டி ஒரு நக்கு நக்கிவிட்டார். அந்தம்மா தலையில் அடித்துக்கொண்டு சொன்னார்: "ஏங்க, மொதல்ல வெலையைக் கேளுங்க, அப்புறம் நக்குங்க!"

டைல்ஸ் மெஷின்

திண்டிவனத்திலிருந்து ஒரு டீச்சர் வந்து, நெல்லிக்காய் அளவுக்கு ஊதா நிற அமெதிஸ்ட் டாலர் ஒன்றை வாங்கிப் போனார். மறுவாரமே திரும்பி வந்தார். முகத்தில் கோபம் இல்லை, குழப்பம்தான் இருந்தது. அவர் வீட்டுக்காரருக்கு டைல்ஸ் போடுகிற வேலை. கல் சொரசொரப்பாக இருக்கிறதே, கடைக்காரம்மா பாலிஷ் போட மறந்துவிட்டார் போல என்று பாவப்பட்டு, தன் மெஷினிலேயே வைத்துத் தேய்த்திருக்கிறார். பெட்டியைத் திறந்து பார்த்தேன். கம்பிக் கூட்டுக்குள் துவரம்பருப்பு அளவுக்கு ஏதோ உருண்டது. டீச்சர் மெதுவாகச் சொன்னார்: "பளபளப்பு நல்லா வந்துடுச்சு மேடம். கல்லுதான் எங்க போச்சுன்னு தெரியல."

அஞ்சலை அக்காவின் கேள்வி

தெருவில் மீன் விற்கிற அஞ்சலை அக்கா, கூடையை இறக்கி வைத்துவிட்டு நான் கம்பி சுற்றுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னாம்மா, கல்லை ஒண்ணுமே பண்ணாம அப்படியே சுத்திட்ட?" என்றார். இதான்க்கா இப்ப ஸ்டைல் என்றேன். அவர் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டே கேட்டார்: "நாளைக்கு நான் செதில் எடுக்காம மீனைக் குடுத்து, இதான் ஸ்டைலுன்னு சொல்றேன். நீ வாங்குவியா?"

குளியலறையில் என் சரக்கு

வீட்டுக்குப் பின்னால் குளியலறைக்குத் தளம் போட ஏகாம்பரம் என்கிற கொத்தனாரை வைத்திருந்தோம். அன்று காலையில்தான் எனக்கு ஒரு மூட்டை புதுக் கல் வந்திருந்தது. ரோஸ், பச்சை, ஊதா என்று கலந்து வந்த சரக்கு. வீட்டுக்குப் பின்னால் ஒரு மூலையில் வைத்துவிட்டு மார்க்கெட் போனேன். மத்தியானம் திரும்பி வந்தால் சாக்கு மட்டும் மடித்து வைத்திருக்கிறது. ஓடிப்போய்ப் பார்த்தேன். சிமெண்டுக்குள்ளிருந்து ஒரு ரோஸ் குவார்ட்ஸ் மூக்கை நீட்டிக்கொண்டிருந்தது.

நான் போட்ட கூச்சலில் உப்பளத்திலிருந்து வீட்டுக்காரரே ஓடி வந்தார். விசாரித்தால், "மூலையில இருக்கற ஜல்லியை எடுத்துக்கப்பா" என்று காலையில் சொல்லிவிட்டுப் போனதே அவர்தான். அப்புறம் ரெண்டு நாள் அவர் என் கண்ணில் படாமல்தான் சாப்பிட்டார். கொத்தனார் மட்டும் கொஞ்சமும் பதறவில்லை. கரணையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "நான்கூட நெனச்சேம்மா, இன்னிக்கு ஜல்லியைக் கழுவி அனுப்பியிருக்காங்களேன்னு."

கூனிமேட்டுக் கல்யாணம்

சிரித்தது போதும், பயந்ததையும் சொல்லிவிடுகிறேன். கூனிமேட்டில் துணிக்கடை வைத்திருக்கிற நூர்ஜஹான் அக்கா தன் மகள் ரிஸ்வானாவின் நிக்காஹ்வுக்கு என்னிடம் ஒரு மாலை ஆர்டர் கொடுத்தார். கருஞ்சிவப்பு கார்னெட் கல்தான் வேண்டும், அதுவும் தேய்க்காத கல்தான் வேண்டும் என்று பொண்ணே வந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்தாள். கல்யாணத்துக்கு முந்தின நாள் போன் வந்தது. அக்காதான். "ஒடனே வாம்மா. மாப்பிள்ளை வீட்ல பிரச்சினை பண்றாங்க."

ஸ்கூட்டியை விரட்டிக்கொண்டு போனேன். அக்கா வீட்டுக் கூடம் முழுக்கப் பெண்கள். நடுவில் மாப்பிள்ளையின் அம்மா, மடியில் என் மாலை. "கல்லெல்லாம் ஒடஞ்சிருக்கு. ஒடஞ்சதைப் போட்டு அனுப்பற அளவுக்கா எங்க வீடு கொறஞ்சு போச்சு?" என்றார். பூமியிலிருந்து வந்தபடியே விட்டிருக்கிறோம் என்று விளக்கினேன். "உங்க வேலையைப் பூமி தலையில கட்றீங்களா?" என்று திருப்பிக் கேட்டார். நூர்ஜஹான் அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். நான் கட்டின கல்லால் ஒரு கல்யாணம் நின்றுபோகுமோ என்று பயந்துபோனேன். ராத்திரிக்குள் பாலிஷ் கல் வைத்து மாற்றித் தருகிறேன் என்று மாலைக்குக் கை நீட்டினேன்.

உள்ளேயிருந்து ரிஸ்வானா வந்தாள். மருதாணிக் கையால் மாலையை எடுத்துத் தன் கழுத்தில் போட்டுக்கொண்டாள். "மாமி, கல்லு ஒடையல. பொறந்த மாதிரியே இருக்குது. நானும் அப்படியேதான் உங்க வீட்டுக்கு வர்றேன்" என்றாள். அந்தம்மா அவளை மேலும் கீழும் பார்த்தார். பிறகு உதடு கோணி, தோள் குலுங்கி, சிரித்தேவிட்டார். "சரிம்மா. கல்லும் வரட்டும், நீயும் வா. பாலிஷை நாங்க போட்டுக்கறோம்."

இத்தனைக்கும் அப்புறம், யாராவது கடைக்குள் வந்து ஒரு கல்லைக் கையில் எடுத்து "அய்யோ, எவ்ளோ அழகா இருக்குது" என்று சொன்னால், எனக்கு முதலில் வருவது சந்தேகம், சந்தோஷம் அவர்கள் அதை நக்காமல் வாங்கிக்கொண்டு வாசலைத் தாண்டிய பிறகுதான்.