ரப்பர் கையெழுத்து

அந்தத் தெருவில் ரப்பர் ஸ்டாம்ப் செய்து கொடுக்கும் கடை ஒன்றுதான் இருக்கிறது. கடைக்காரிக்கு வயது நாற்பத்தேழு. எல்லாரும் அவளைச் சீலக்கா என்பார்கள். பேங்க் மேனேஜர்கூட அப்படித்தான் கூப்பிடுவார். அவர் ஒருமுறை அவளிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டவர். 'கிளை மேளாளர்' என்று எழுதிக் கொடுத்து அவசரமாக ஒரு ஸ்டாம்ப் கேட்டார். "சார், நீங்க கிளையை நடத்துறவரா, கிளையில மேளம் அடிக்கிறவரா? எழுத்தைத் திருத்திட்டு வாங்க, அப்புறம் செய்றேன்" என்று திருப்பி அனுப்பிவிட்டாள். கடையில் நின்ற நாலு பேர் சிரித்தார்கள். மனுஷர் திருத்திக்கொண்டுதான் வந்தார்.

பத்தொன்பது வயதில் அதே கடையில் கூலிக்குச் சேர்ந்து, ரப்பரின் ஓரம் சீவக் கற்றுக்கொண்டு, முதலாளி கடையை விட்டபோது தானே எடுத்து நடத்துகிறவள். ஒரு எழுத்துக்காகச் சண்டைக்கு நிற்பாள். அவளுக்கு ஒரு பழக்கமும் உண்டு. எந்த ஸ்டாம்பையும் கொடுப்பதற்கு முன்னால் மாதிரி நோட்டில் ஒருமுறை குத்துவாள்; பக்கத்தில் தேதி எழுதி, வாங்குகிறவரைக் கையெழுத்துப் போடச் சொல்வாள். நாளைக்கு யாராவது வந்து "இதை நான் கேட்கவே இல்லை" என்று சாதிக்கக் கூடாது பாருங்கள்.

இத்தனை வருஷம் கத்தி பிடித்ததில் அவளுக்கு வலது தோளில் வலி கண்டது. இரண்டு தெரு தள்ளி இருந்த ஆஸ்பத்திரிக்குப் போனாள். அங்கே ஒரு டாக்டர். கைராசிக்காரர் என்று பெயர். கைராசியாம் கைராசி! அவனை 'அவர்' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அவன் என்றே சொல்கிறேன்.

உள்ளே போகும்போது நர்ஸ் இருந்தாள். "அந்த எக்ஸ்ரே வந்துச்சான்னு பாத்துட்டு வாம்மா" என்று அவளை வெளியே அனுப்பினான். திரையை இழுத்துவிட்டான். தோளைப் பார்க்க வேண்டும், ஜாக்கெட்டைத் தளர்த்து என்றான். தளர்த்தினாள். தோளில் தொடங்கிய கை தோளோடு நிற்கவில்லை.

"டாக்டர், வலி தோள்லதான்" என்றாள்.

"எங்கே வலின்னு நான்ல சொல்லணும்?" என்று சிரித்தான். கையை எடுக்காமலே, "இந்த வயசுலயும் உடம்பை நல்லா வச்சிருக்கே" என்றான்.

பேங்க் மேனேஜரிடமே வாய் நீண்டவளுக்கு அப்போது நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. உடம்பு கல்லாகிப் போனது. எவ்வளவு நேரம் என்று அவளுக்குத் தெரியவில்லை. அவன் நாற்காலிக்குப் போய் மாத்திரை எழுதி, சீட்டின் அடியில் என்னவோ குத்தி நீட்டினான். வாங்கிக்கொண்டு வெளியே வந்து, கடை வரைக்கும் நடந்து, ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்தாள். அழுகை வரவில்லை. தன் மேலேயே காறித் துப்ப வேண்டும் போல இருந்தது.

கையில் கசங்கிக் கிடந்த சீட்டை அப்போதுதான் பிரித்துப் பார்த்தாள். அடியில் நீல மையில் ஒரு வரி: 'பரிசோதனையின்போது செவிலியர் உடனிருந்தார்.' அதற்குக் கீழே நர்ஸின் கையெழுத்து.

அடப்பாவி!

அந்தக் கையெழுத்தின் வாலில் கோடு நூலளவு அறுந்து ஒரு விட்டல் இருந்தது. அந்த விட்டல் யாருடைய கத்தி வழுக்கியதால் வந்தது என்று அவளுக்குத் தெரியும். சீட்டைத் திருப்பிப் பின்பக்கத்தை விரலால் தடவினாள். பேனா அழுத்திய தடமே இல்லை. வழவழவென்று இருந்தது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவனே கடைக்கு வந்து செய்து வாங்கிப் போன ஸ்டாம்ப் அது. கையெழுத்தை ஸ்டாம்பாகச் செய்ய வேண்டும் என்றால், அந்தக் கையெழுத்துக்குச் சொந்தக்காரர் சம்மதித்து எழுதிய கடிதம் வேண்டும் என்பது அவள் கடைச் சட்டம். கேட்டாள். "நர்ஸுக்குக் கை வலி, பாவம். கடிதம் நாளைக்குத் தரேன்" என்றான். டாக்டராயிற்றே என்று விட்டுவிட்டாள். அவள் வாழ்நாளில் கடிதம் வாங்காமல் விட்டது அந்த ஒன்றுதான். அவனுக்கோ இன்றைக்கு அவள் முகம்கூட ஞாபகம் இல்லை. ஸ்டாம்ப் கடைக்காரியை எவன் நிமிர்ந்து பார்க்கிறான்?

தன்னைத் தொட்டதைவிட இது அவளுக்கு எரிந்தது. தன் கையால் சீவிய எழுத்து, தன் உடம்பைப் பற்றியே பொய் சொல்லிக்கொண்டு நிற்கிறது! உள்ளங்காலில் இருந்து உச்சந்தலை வரைக்கும் பற்றிக்கொண்டு வந்தது. "உன்னை ஒரு கை பாக்காம விடமாட்டேன்டா" என்று காலிக் கடையில் சத்தமாகவே சொன்னாள்.

வீட்டில் முதலில் சொன்னது நாத்தனாரிடம். இதுவே பெரிய அதிசயம். மாடியில் குடியிருக்கும் அவளுக்கும் இவளுக்கும் துணி காயப்போடும் கொடியை வைத்துப் பதினோரு வருஷமாகத் தகராறு. ஆனால் அன்றைக்கு மாடிப்படியில் எதிரே வந்தவள் அவள்தான். கேட்டு முடித்ததும் மேலே போய் ஒரு சீட்டைக் கொண்டுவந்து நீட்டினாள். போன வருஷத்துச் சீட்டு. அதே நீல வரி, அதே கையெழுத்து, வாலில் அதே விட்டல்.

"ஏன்டி அப்பவே சொல்லல?"

"சொல்லியிருந்தா நம்பியிருப்பீங்களா அண்ணி?"

சீலக்கா நம்பியிருக்க மாட்டாள். 'நாடகக்காரி' என்று முகத்துக்கு நேராகவே சொல்லியிருப்பாள். அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது. நாத்தனாரின் கையைப் பிடித்துக்கொண்டாள். பதினோரு வருஷத்தில் முதல் தடவை.

பஸ் ஓட்டும் புருஷன் ராத்திரிச் சாப்பாட்டின்போது விஷயத்தைக் கேட்டு அரண்டுபோனான். "நாலு பேருக்குத் தெரிஞ்சா நமக்குத்தானே அசிங்கம்?"

"பண்ணினவனுக்கு இல்லாத அசிங்கம் எனக்கெதுக்கு?"

"சரி, அப்படியே வச்சுக்கோ. அந்த நோட்டைக் காட்டுனா, கடிதம் வாங்காம கையெழுத்து ஸ்டாம்ப் செஞ்சேன்னு நீயே ஒத்துக்கிட்ட மாதிரி. பேங்க்காரங்க உன் பக்கம் வருவாங்களா? கடையை மூட வேண்டியதுதான்."

அவன் சொன்னது நியாயம். நோட்டைக் காட்டாவிட்டால் அந்த நீல வரி ஜெயிக்கும், அவள் பொய்க்காரி ஆவாள். காட்டினால் இருபத்தெட்டு வருஷத்துப் பெயர் போகும். சீலக்கா தட்டைத் தள்ளி வைத்தாள்.

"போனாப் போகட்டும். அவன் சும்மா போகக் கூடாது."

"அப்போ நானும் வரேன்" என்றான் புருஷன்.

"வாங்க. வண்டியை மட்டும் ஓட்டுங்க. வாயை நான் பாத்துக்கிறேன்."

ஆஸ்பத்திரியில் மனு எழுதிக் கொடுத்து, இரண்டு வாரம் நடையாய் நடந்த பிறகு விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். மேஜைக்குப் பின்னால் ஆஸ்பத்திரித் தலைமை டாக்டரம்மாவும் ஆபீஸ்காரர்கள் இருவரும் இருந்தார்கள். சீலக்காவின் பக்கத்தில் நாத்தனாரும் உட்கார்ந்திருந்தாள். அவன் சலவைச் சட்டை கலையாமல் வந்து உட்கார்ந்தான். சிரித்த முகம்.

"மேடம், இந்த வயசுல பெண்களுக்கு இப்படி ஏதேதோ தோணும். நான் தப்பா எடுத்துக்கல. நர்ஸ் கூடவே இருந்தாங்க. சீட்டுல கையெழுத்து இருக்கு, பாருங்க."

"நர்ஸம்மாவைக் கூப்பிடுங்க" என்றாள் சீலக்கா.

நர்ஸ் வந்தாள். சீட்டை வாங்கிப் பார்த்துக் குழம்பினாள். "என் கையெழுத்துதான். ஆனா அன்னைக்கு என்னை எக்ஸ்ரே எடுத்துட்டு வர அனுப்பிட்டாரே. இதை எப்போ போட்டேன்னு தெரியலையே."

"நாளைக்கு நூறு கையெழுத்து போடுறவங்க. ஞாபகம் எங்க இருக்கும்?" என்றான் அவன்.

சீலக்கா எழுந்தாள். தன் சீட்டையும் நாத்தனாரின் சீட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஜன்னல் கண்ணாடியில் அழுத்திப் பிடித்தாள். வெளிச்சத்தில் இரண்டு கையெழுத்தும் ஒரே கையெழுத்தாகத் தெரிந்தது.

"மேடம், இங்கே வந்து பாருங்க. மனுஷக் கை ரெண்டு தடவை ஒரே மாதிரி கையெழுத்துப் போடாது. வால்ல அறுந்திருக்கு பாருங்க, அதுகூட அதே இடத்துல. இது பேனா இல்ல. ரப்பர். செஞ்சது நான்."

மாதிரி நோட்டை மேஜையில் விரித்து வைத்தாள். ஸ்டாம்பின் பதிவு, தேதி, பக்கத்தில் வாங்கியவன் கையெழுத்து. அது மட்டும் அசல் பேனாக் கையெழுத்து.

"கடிதம் வாங்காம செஞ்சது என் தப்பு. அதுக்கு என்ன தண்டனையோ குடுங்க, வாங்கிக்கிறேன்."

அவன் முகத்தில் ஈயாடவில்லை. நர்ஸ் நோட்டையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள். "என் பேரை வச்சா இத்தனையும் பண்ணீங்க?" என்றாள்.

ஆபீஸ்காரர் ஒருவர் தொண்டையைச் செருமினார். டாக்டர் மன்னிப்புக் கடிதம் எழுதித் தரட்டும், ஆஸ்பத்திரி பெயர் கெடாமல் இதை இத்தோடு முடித்துக்கொள்ளலாமே என்றார்.

"மன்னிப்பு யாருக்கு சார் வேணும்?" என்றாள் சீலக்கா. நர்ஸின் பக்கம் திரும்பினாள். "நீங்க உள்ளே இருந்த அன்னைக்கு யார் கையெழுத்துப் போடுவாங்க?"

"நான்தான். பேனாவால."

"அப்போ ஸ்டாம்ப் குத்துனது உங்களை வெளியே அனுப்பின நாள்ல மட்டும். சீட்டுக்கெல்லாம் அதே மாதிரி கையெழுத்துப் போட்ட நகல் ஒண்ணு இங்கேதானே இருக்கு? ரெண்டு வருஷத்து நகலையும் எடுங்க மேடம். இவர் யார் யார்கிட்ட நடந்துக்கிட்டார்னு நாம தேட வேண்டாம். அவரே குத்தி வச்சிருக்கார்."

அவன் எழுந்து, "இது அநியாயம்" என்று ஆரம்பித்தான்.

"அவரை வெளியே நோயாளிங்க பெஞ்சுல உக்கார வைங்க மேடம். நாங்க உக்காந்திருந்த பெஞ்சுதான். கொஞ்சம் காத்துக்கிட்டு இருக்கட்டும்."

டாக்டரம்மா அவனைப் பார்த்துக் கதவைக் காட்டினாள். போனான். சலவைச் சட்டையின் முதுகு நனைந்திருந்ததைச் சீலக்கா பார்த்தாள். உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது, பொய் சொல்வானேன்.

கட்டுக் கட்டாக நகல்கள் வந்தன. எப்படிப் பார்ப்பது என்று சீலக்கா நர்ஸுக்குக் காட்டிக் கொடுத்தாள். மேலே மை ஒரே சீராக இருக்கிறதா, தாளின் பின்பக்கம் தடவினால் வழவழவென்று இருக்கிறதா, அது ரப்பர், தனியே வை. நாத்தனாரும் ஒரு கட்டை இழுத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். மூன்று பேரும் மத்தியானச் சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருக்கவில்லை. தனியே வைத்த அடுக்கு ஒரு சாண் உயரம் வந்ததும் சீலக்காவின் குளுகுளுப்பு அடங்கிவிட்டது. நூற்றுப் பதினேழு சீட்டு. நூற்றுப் பதினேழு பெண்கள். அவள் அந்தக் கடிதத்தை வற்புறுத்திக் கேட்டு வாங்கியிருந்தால் நர்ஸுக்கு விஷயம் அன்றைக்கே தெரிந்திருக்கும். அந்த வலியை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

"கூப்பிடுங்க மேடம். ஒவ்வொருத்தரையா" என்றாள்.

டாக்டரம்மா முதல் சீட்டில் இருந்த எண்ணுக்குப் போன் செய்தாள். தான் யார், எந்த ஆஸ்பத்திரியில் இருந்து பேசுகிறேன் என்று சொன்னாள். "ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி நீங்க ஒரு டாக்டரைப் பாக்க இங்கே வந்தப்போ..." என்று தயங்கித் தயங்கி ஆரம்பித்தாள்.

அதற்கு மேல் அவள் சொல்ல வேண்டியிருக்கவில்லை. போனில் இருந்து ஒரு பெண்ணின் குரல் அறை முழுவதும் கேட்டது.

"எங்கே வந்து சொல்லணும்? இப்பவே வரேன்."

சீலக்கா அடுத்த சீட்டை எடுத்து நீட்டினாள்.