கயிற்றை விட்ட காலை

என் அம்மாவைப் பெற்ற தாத்தா பட்டாளத்தில் பாலம் கட்டியவர். பதினெட்டு வயதில் மேலநீலிதநல்லூருக்குப் பக்கத்தில் கரிசக்காட்டில் களை வெட்டிக்கொண்டிருந்தவர், திடீரென்று மம்பட்டியை வரப்பில் போட்டுவிட்டுச் சங்கரன்கோவில் வரைக்கும் நடந்து வந்து, ரயிலேறி, பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிற இடத்தில் போய் நின்றாராம். வீட்டில் ஒருவரிடமும் சொல்லவில்லை. பொழுது சாய்ந்ததும் மம்பட்டி மட்டும் கிடந்ததைப் பார்த்தவர்கள், பையன் கிணற்றில் விழுந்துவிட்டான் என்று ஆள்விட்டுத் தேடியிருக்கிறார்கள். அந்த நேரத்தில் அவர் மதுரை தாண்டிப் போய்க்கொண்டிருந்தார். பர்மா வரைக்கும் போனார்.

எனக்கு நினைவு தெரிந்த எழுபதுகளில் அவர் சங்கரன்கோவில் ஊருக்குள் பம்புசெட் ரிப்பேர் பார்க்கிறவராக இருந்தார். எல்லோருக்கும் மிலிட்டரி அண்ணாச்சி. பட்டாளத்தில் கழித்துவிட்ட ஒரு பழைய மோட்டார் சைக்கிளை எங்கிருந்தோ வாங்கி வைத்திருந்தார். அது ஓடுகிற நாளில் ஓடும். குற்றாலத்தில் சாரல் விழுகிறது என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், பாதியில் பிரித்துப்போட்ட எஞ்சினைச் சாக்கைப் போட்டு மூடிவிட்டுக் கிளம்பிவிடுவார். ஆச்சி நான் பிறப்பதற்கு முன்பே காலமாகிவிட்டதால் அவரைத் தடுக்க வீட்டில் ஆளில்லை. அம்மாவின் தங்கை, என் சித்தி மட்டும்தான். சித்தி தடுக்கமாட்டாள், பின்னால் ஏறி உட்கார்ந்துகொள்வாள்.

பள்ளிக்கூடம் இல்லாத மத்தியானங்களில் நான் அவர் வீட்டுக்குப் போய்விடுவேன். எங்கள் தெருவிலிருந்து கூப்பிடு தூரம். தாத்தா நார்க்கட்டிலில் படுத்திருப்பார். நான் கீழே பாயில் படுத்துக்கொள்வேன். பக்கத்துத் தெருவில் விசைத்தறிகள் ஓடுகிற சத்தம் சுவர் வழியாக வந்துகொண்டேயிருக்கும். அந்தச் சத்தத்தோடு அவர் பர்மாவைச் சொல்லுவார். மழையில் நனைந்து கனத்துப்போன பூட்ஸ், மரம் இழுக்கிற யானைகள், ஆற்றுக்கு மேலே காலையில் எழும்புகிற மூட்டம். கூடவே ஒரு ராஜபாளையத்துக்காரர் வருவார். தாத்தாவின் கூட்டாளி. கோவேறு கழுதையோடு தமிழில் சண்டை போடுகிறவர், சாப்பாட்டில் உறைப்பு இல்லையென்று சமையல்காரரிடம் பச்சைமிளகாய் கேட்டு அலைகிறவர். தறிச் சத்தம் கொஞ்ச நேரத்தில் எனக்கு மழைச் சத்தமாகிவிடும். எதைக் கேட்டேன், எதைக் கனவில் கண்டேன் என்று இன்றைக்கும் என்னால் பிரிக்க முடியவில்லை. ராஜபாளையத்துக்காரரின் முகம்கூட எனக்குத் தெரியும். அவரை நான் பார்த்ததேயில்லை.

ஒரு பெரிய ஆற்றைக் கடக்கிற இடத்தில் கதை எப்போதும் நின்றுவிடும். தாத்தா பீடியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவார். நான் தூங்கிவிட்டதால்தான் மிச்சத்தைக் கேட்கவில்லை என்று நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சித்தியை ராயகிரிக்குப் பக்கத்தில் ஒரு ஊரில் விவசாயக் குடும்பத்தில் கொடுத்தார்கள். ஐப்பசியில் கல்யாணம், மாப்பிள்ளை வீட்டில். எனக்குப் பதினொரு வயது இருக்கும். முந்தின நாள் பகல் முழுக்க மேற்கே மலைப்பக்கம் கறுத்துக் கிடந்தது. விடிவதற்கு முன்னாலேயே எங்கள் சொந்தக்காரர்களை ஏற்றிக்கொண்டு பஸ் கிளம்பியது. நான் அம்மா மடியில் தலைவைத்துத் தூங்கிப்போனேன். பஸ் நின்றுவிட்ட அமைதியில்தான் விழிப்பு வந்தது.

வெளுத்திருந்தது. மழை இல்லை. முன்னால் ரோட்டைக் காணவில்லை. தரைப்பாலத்துக்கு மேல் செம்மண் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. அவ்வளவு அகலத்துக்கு அவ்வளவு சத்தமில்லாமல் தண்ணீர் போகும் என்று எனக்கு அதுவரை தெரியாது. முழுசாக ஒரு வாழை மரம், தாருடன், நிமிர்ந்தபடியே மிதந்து போனது. அக்கரையில் மாப்பிள்ளை வீட்டார் ஒரு டிராக்டரோடு வந்து நின்றிருந்தார்கள். நடுவில் பட்டுவேட்டியோடு மாப்பிள்ளையும் நின்றார்.

எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். தண்ணீர் வடிய சாயங்காலம் ஆகிவிடும், முகூர்த்தம் தப்பினால் வேறு நாள்தான் பார்க்கவேண்டும் என்றார் ஒருவர். பெண்கள் சிலர் அழத் தொடங்கினார்கள். சித்தி அழவில்லை. பஸ் ஜன்னல் வழியாகத் தாத்தாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தாத்தா கரையோரமாக மேலே கொஞ்ச தூரம் நடந்தார், கீழே கொஞ்ச தூரம் நடந்தார். ஒரு குச்சியைத் தண்ணீரில் போட்டு அது போகிற போக்கைப் பார்த்தார். அந்த இடத்தில் உயரமாகப் புதுப்பாலம் கட்டுகிற வேலை தொடங்கி, மழைக்காக நிறுத்தியிருந்தார்கள். கொட்டகையில் ஒரு காவல்காரர் இருந்தார். அவரிடம் போய், காலியான டீசல் பீப்பாய்களும் சவுக்குக் கம்புகளும் வடக்கயிறும் கேட்டார். காவல்காரர் தயங்கினார். சித்தி பஸ்ஸை விட்டு இறங்கி, கல்யாணப் புடவையோடு சேற்றில் நடந்து வந்து தாத்தா பக்கத்தில் நின்றாள். அவளைப் பார்த்ததும் காவல்காரர் ஒதுங்கி வழிவிட்டார்.

பிறகு நடந்ததெல்லாம் எனக்குக் கனவு மாதிரிதான் இருக்கிறது. ஐம்பதைத் தாண்டிய மனிதர், வேட்டியை அவிழ்த்துவைத்துவிட்டு நிஜாரோடு, ஒரு மெல்லிய கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு, மேலே நெடுந்தூரம் போய்த் தண்ணீருக்குள் இறங்கினார். எதிர்த்து நீந்தவில்லை. தண்ணீர் கொண்டுபோகிறபடியே போய்ச் சாய்வாக அக்கரையில் ஒதுங்கினார். அந்த மெல்லிய கயிற்றின் முனையில் வடக்கயிற்றைக் கட்டி அக்கரையிலிருந்து இழுத்தார்கள். அதன் மறுமுனையும், எங்கள் கரையில் பிடித்த இன்னொரு வடத்தின் முனையும் தெப்பத்துக்கு. எங்கள் கரையில் இருந்தவர்கள் பீப்பாய்களின் மேல் கம்புகளை வரிசையாகக் கட்டி, அதன்மேல் பஸ்ஸிலிருந்த ஜமுக்காளத்தை விரித்ததும் தெப்பம் தயாராகிவிட்டது. இரண்டு கரையிலிருந்தும் இழுத்துப் பிடிக்க, நடுவில் அது போகும், வரும். முதலில் சீர்ப் பாத்திரங்களை ஏற்றி அனுப்பும்படி அக்கரையிலிருந்து தாத்தா குரல் கொடுத்தார். ஒரு சொம்புகூடச் சாயவில்லை. வெறும் தெப்பத்தில் ஏறி அவர் எங்கள் கரைக்குத் திரும்பி வந்தார்.

அடுத்த நடையில் சித்தி, அம்மா, நான். தாத்தா ஓரத்தில் முட்டி போட்டு உட்கார்ந்தார். எங்கள் கரைக் கயிற்றை ஒரு புளியமரத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, அப்பாவும் இன்னும் சிலரும் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுத்தார்கள். அக்கரையில் இழுத்தவர்களில் முதல் ஆளாக மாப்பிள்ளை நின்றார். தண்ணீருக்கு மேலே மெல்லிய மூட்டம். இரண்டு கரையும் எங்களிடமிருந்து விலகிப் போவது மாதிரி இருந்தது. எனக்குப் பயமே வரவில்லை. தாத்தாவின் கதைக்குள் வந்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

நடு ஓடையைத் தாண்டியபோது, மேலே வளைவில் ஒரு பெரிய மரம் வேரோடு வருவதைத் தாத்தா பார்த்தார். அது நேராக எங்கள் கரைக் கயிற்றுக்குத்தான் வந்துகொண்டிருந்தது. கரையில் இருந்தவர்களும் பார்த்துவிட்டார்கள். இன்னும் இறுக்கிப் பிடித்தார்கள்.

தாத்தா எழுந்து நின்று அப்பாவைப் பார்த்துக் கத்தினார். "மாப்ளே, கயித்த விடுங்க."

அப்பாவுக்குக் காது கேட்டது, மனசு கேட்கவில்லை. "மாமா, என்ன சொல்லுதிய?"

"முழுசா விட்டுருங்க. விடுங்கன்னா விடுங்க."

அம்மாவும் நானும் அந்தத் தெப்பத்தில் இருந்தோம். அப்பா எங்களைப் பார்த்தார். அவர் முகத்தை நான் அப்படி அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. பிறகு கையை எடுத்துவிட்டார். கயிறு புளியமரத்தைச் சுற்றி உருவிக்கொண்டு தண்ணீரில் விழுந்தது. தெப்பம் ஒரு துள்ளு துள்ளி, அக்கரைக் கயிறு ஒன்றின் பிடியிலேயே ஊஞ்சல் வீசுகிற மாதிரி வளைந்து போனது. நாங்கள் இருந்த இடத்தின் வழியாக அந்த மரம் போனது. அதன் வேரில் ஒரு கொக்கு உட்கார்ந்திருந்தது. நாங்கள் கீழே தள்ளி, அக்கரை நாணலுக்குள் போய் மெத்தென்று மோதி நின்றோம். மாப்பிள்ளை இடுப்பளவு தண்ணீரில் இறங்கி வந்து சித்தியின் கையைப் பிடித்தார். சித்தி அப்போதுதான் முதல்முதலாக அவரை நேருக்கு நேர் பார்த்ததாகப் பிற்பாடு சொன்னாள்.

கயிற்றை மறுபடியும் கட்டி, அப்பாவையும் தாலி கட்டும்போது நிற்கவேண்டியவர்களையும் மட்டும் கொண்டுவந்தார்கள். மற்றவர்கள் தண்ணீர் வடிந்தபின் வந்து பந்தியில் உட்கார்ந்தார்கள். முகூர்த்தம் தப்பவில்லை. டிராக்டரில் போன மணப்பெண்ணைப் பார்க்க வழிநெடுக வயற்காட்டில் ஆட்கள் நின்றார்கள்.

சாப்பாடு முடிந்த மத்தியானம் தாத்தாவைக் காணவில்லை. சித்தி மாலையோடு தேடிப் போனாள், நான் பின்னாலேயே போனேன். வைக்கோல் படப்புக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். காலடியில் ஒடிந்த தீக்குச்சிகள் கிடந்தன. பீடி பற்றவைக்க முடியவில்லை. குளிரா என்று சித்தி கேட்டாள். இல்லையென்று தலையாட்டினார். பிறகு, பர்மாவின் அந்தப் பெரிய ஆற்றைப் பற்றிச் சொன்னார். அங்கேயும் இப்படித்தான் ஒரு மரம் வந்ததாம். தெப்பத்தில் ராஜபாளையத்துக்காரர் நின்றிருந்தார். தாத்தா கரையில் கயிற்றைப் பிடித்திருந்தார்.

"நாங்க விடல மக்கா. இறுக்கிப் பிடிச்சாத்தான் அவன் பொழைப்பான்னு நெனச்சோம். மரம் கயித்துல விழுந்து அப்படியே தெப்பத்த அமுக்கிட்டுது. கையில கயிறு மட்டும் மிச்சம்."

சித்தி தீப்பெட்டியை வாங்கிப் பீடியைப் பற்றவைத்துக் கொடுத்தாள். கல்யாணப்பெண் அப்படிச் செய்ததை வேறு யாரும் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு அவர் கதை சொல்வது குறைந்துபோனது. ஆனால் எண்பதுகளில், அறுபதைத் தாண்டியபின், ஒருநாள் டிரங்குப் பெட்டியோடு வந்து, மணிப்பூருக்குப் போறேன் என்றார். அம்மா சண்டை போட்டாள். சித்தி ராயகிரியிலிருந்து முறுக்கும் எள்ளுருண்டையும் செய்து கொடுத்தனுப்பினாள். போய் ஒரு மாதத்துக்கு மேல் தகவல் இல்லை. மெலிந்து கறுத்துத் திரும்பி வந்தார். அந்த ஆறு எல்லைக்கு அப்பால் பர்மாவில் இருக்கிறது, அதற்கு மேல் போகவிடவில்லை என்றார். அப்போ இவ்வளவு தூரம் போனது வீண்தானே என்று அம்மா கேட்டாள்.

"வீணில்ல. ஒரு மலைமேல ஏறி உக்காந்தேன். கீழ பூரா மூட்டம். எங்கன பாத்தாலும் ஆறு மாதிரியே இருந்துது. அவன் அங்கன எங்கயோ பச்சமெளகா கேட்டுத் திரியுதான்னு தோணிச்சு." சொல்லிவிட்டுச் சிரித்தார். பிறகு சோறு கேட்டார். இரண்டாம் தடவையும் குழம்பு ஊற்றிக்கொண்டு சாப்பிட்டார்.

நான் திருநெல்வேலியில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது, லீவில் வந்த ஒரு நாள், கட்டிலில் படுத்தபடியே என்னைக் கூப்பிட்டார். கோவிலில் ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டம் கலைந்து ஊர் சும்மா கிடந்த வாரம் அது. ஆடிக்காற்று தெருப்புழுதியை வாசல்வரை கொண்டுவந்து போட்டுக்கொண்டிருந்தது. ராமேஸ்வரத்தில் கடலுக்கு மேல் ரயில் போகிறதே, அதில் உட்கார்ந்து இதுவரைக்கும் போனதில்லை என்றார். "ஏட்டி, ஸ்டேஷன்ல போயி எத்தன மணிக்கு வண்டின்னு கேட்டுட்டு வா. நீயும் வா, போவோம்."

கேட்டுக்கொண்டு வந்தேன். விருதுநகரில் மாறவேண்டும் என்றார்கள். வந்து பார்த்தால் தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பவில்லை. சாயங்காலம் எழுந்து காபி குடிக்கையில் சொன்னேன். கவனமாகக் கேட்டுக்கொண்டு, காற்று நிற்கட்டும், ஆவணியில் போவோம் என்றார்.

ஆவணி பிறப்பதற்குள் போய்விட்டார். தூக்கத்தில்தான். சித்தியைக் கட்டிய சித்தப்பாவும் அப்பாவும் பாடையை முன்னால் தூக்கினார்கள். சித்தி தெருமுனை வரைக்கும் கூடவே நடந்து வந்தாள். அதற்கு மேல் பெண்கள் வரக்கூடாது என்று யாரோ சொன்னார்கள். அவள் நின்று, அவர்கள் அடுத்த திருப்பத்தில் மறைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டேயிருந்தாள்.