புஸ்பம் அம்மாவின் காணாமற்போன புத்தகம்

எங்கள் நூலகத்தின் இரவல் பகுதியில் நான் உட்கார்ந்து பதினொரு வருடமாகிறது. ஒரு நாள் பிந்தினாலும் தண்டப்பணம் வாங்காமல் விடமாட்டேன். ‘ஸுஹைனா மிஸ் கல்நெஞ்சுக்காரி’ என்று வாசகர்கள் முணுமுணுப்பது காதில் விழத்தான் செய்கிறது. விழட்டும்.

புஸ்பம் அம்மாவிடமும் அப்படித்தான் இருந்தேன். முப்பது வருடம் பிரசவம் பார்க்கும் மருத்துவமாதுவாகச் சைக்கிளில் ஊர் ஊராகச் சுற்றியவர், ஓய்வுபெற்றபின் நாவற்குடாவில் மகன் வீட்டில் இருக்கிறார். இரண்டு கிழமைக்கு ஒருமுறை பஸ்ஸேறி வருவார். வந்தும் ஓரிடத்தில் இருப்பாரா? ஒரு தட்டிலிருந்து மறு தட்டுக்கு, யன்னலுக்கு, வாசலுக்கு என்று நடந்துகொண்டே இருப்பார். பார்க்கும் எனக்கே இருப்புக் கொள்ளாது.

“வீட்டுக்குள்ள இருந்தா சுவரெல்லாம் கிட்ட வாற மாதிரி இரிக்கி புள்ள,” என்பார். புத்தகத்தை மாற்றிக்கொண்டு, வாவிக்கரையால் நடந்து, பழைய சிநேகிதிகளைப் பார்த்துவிட்டுத்தான் திரும்புவார். அந்த ஒரு நாளுக்காகத்தான் மற்ற நாட்களைத் தள்ளினார்.

போன மாதம் பஸ்ஸில் அவருக்குத் தலை சுற்றியது. மகன் உதயரூபன் பயந்துபோய் மூன்று கிழமை வெளியே விடவில்லை. அவரைப் பிழை சொல்ல முடியாது, நல்ல பிள்ளை. நேற்று அம்மாவை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வந்து, ஒரு புத்தகத்தையும் தண்டத்தையும் மேசையில் வைத்தார்.

“அம்மாட அங்கத்துவத்த ரத்துச் செய்யணும் மிஸ். பழைய புத்தகக் கடையில நாப்பது புத்தகம் மலிவா வாங்கிப் போட்டிரிக்கன். தண்டமும் இல்ல, தவணையும் இல்ல. இனி அவ வெயிலுக்க அலையத் தேவல்ல.”

படிவத்தை நீட்டினேன். புஸ்பம் அம்மா பேனையைப் பிடித்தபடியே நின்றார்.

“எடுத்தது ரெண்டு. மற்றதக் காணல்ல மனே.”

“வீடெல்லாம் தேடினமே அம்மா! விலையக் கட்டுவம். எவ்வளவு மிஸ்?”

புஸ்பம் அம்மா மூக்குக்கண்ணாடி எடுக்கப் பையைத் திறந்தார். உள்ளே, முகம் துடைக்கும் லேஞ்சியில் பாதி சுற்றியபடி, எங்கள் முத்திரை குத்திய புத்தகம் கிடந்தது. நான் பார்த்துவிட்டதை அவரும் பார்த்தார். களவெடுத்துப் பிடிபட்ட பிள்ளையின் முகம். என்னால் தாங்க முடியவில்லை.

விலையைக் கட்டினால் கணக்கை முடித்துவிடலாம் என்பதுதான் விதி.

“விலை கட்ட ஏலாது,” என்றேன். “புத்தகம் கிடைக்குமட்டும் அங்கத்தவர் ரெண்டு கிழமைக்கொருக்கா நேரில வந்து கையெழுத்து வைக்கணும்.”

“இதென்ன மிஸ், பொலிஸ் பிணையா?”

“சட்டம் அப்பிடித்தான்.”

உதயரூபன் சலித்துக்கொண்டே வெளியே போனார். புஸ்பம் அம்மா என் கையை ஒருமுறை இறுக்கிப் பிடித்துவிட்டு விறுவிறென்று பின்னால் நடந்தார்.

மேலதிகாரி கேட்டால் என்ன சொல்வேன்? நேற்றிலிருந்து மனம் அலைபாய்கிறது. இருந்தும் காலையில் வந்ததும் ஒரு வெற்றுத்தாளை எடுத்து, கையெழுத்துக்குக் கோடு போட்டு, மேலே புஸ்பம் அம்மாவின் பெயரை எழுதினேன்.