கல்சட்டியின் வண்டல்

பொங்கல் பானையின் கழுத்தில் இரண்டு நாள் கட்டிக் கிடந்த இஞ்சிக் கொத்தையும் மஞ்சள் கொத்தையும் அவிழ்த்து முகர்ந்தால், அடுப்புப் புகையும், பொங்கி வழிந்து காய்ந்த பாலும், கிழங்கில் ஒட்டிய ஈர மண்ணும் சேர்ந்த ஒரு வாசனை வரும். அவற்றை அம்மியில் வைத்து ஒரு தட்டுத் தட்டியதும் அதெல்லாம் ஓடிப்போய் இஞ்சியின் காரம் மட்டும் மூக்கின் உச்சியில் ஏறி நிற்கும். எனக்கு அப்போது ஒன்பது வயது. வெள்ளானூரில் எங்கள் வீட்டில் தை பிறந்த மூன்றாம் நாள், கறி சமைக்கிற காணும் பொங்கலன்று, அந்தக் கொத்துகளைக் கொண்டு அம்மா ஒரு பானம் செய்வாள். "கொத்துக் கசாயம்" என்று அதற்கு எங்கள் வீட்டில் பெயர். மூன்று நாள் விருந்து உண்ட வயிற்றுக்கும், தைப் பனியில் கட்டிக்கொண்ட நெஞ்சுக்கும் அது ஒன்றே மருந்து.

இப்போது நான் பட்டணத்து ஆஸ்பத்திரி ஒன்றில் மருந்து கலக்கும் அறையில் வேலை பார்க்கிறேன். எதையும் வரிசையாக எழுதி வைத்துக்கொண்டு, எழுதிய வரிசையிலேயே செய்ய வேண்டும் என்று அங்கே சொல்லிக்கொடுத்தபோது எனக்கு அது புதிதாகத் தோன்றவில்லை. கொத்துக் கசாயத்துக்கு அம்மா வைத்திருந்த வரிசை எனக்கு அதற்கு வெகு முன்பே மனப்பாடம். முதலில் மண் போகக் கழுவ வேண்டும். பிறகு ஓட்டாஞ்சில்லால் தோலைச் சுரண்ட வேண்டும். இஞ்சி நாலு விரல், பச்சை மஞ்சள் ஒரு விரல், மிளகு எட்டு, மூன்றையும் தட்டித் துணியில் கட்டிக் கல்சட்டியில் பிழிய வேண்டும். கல்சட்டியை அசைக்காமல் ஒரு மூலையில் வைத்துத் தெளியவிட வேண்டும். பிறகு மேலே தெளிந்ததை மட்டும் இறுத்து, பனைவெல்லம் போட்டுத் தளதளவென்று கொதித்த நீரை அதில் ஊற்ற வேண்டும். கடைசியாக, அடியில் தங்கிய வண்டலை யாருடைய காலும் படாத இடத்தில் கொட்டிவிட வேண்டும்.

அந்தக் கடைசி வேலையைச் சொல்லும்போது மட்டும் அம்மாவின் குரல் இறங்கிவிடும்.

"அடியில மாவாட்டம் தங்குது பாரு, அத்தினியும் வெசம். போன வருசம் நம்ம செவலக் கோழி அதக் கொத்திட்டு மூணாம் நாளு சாயங்காலம் சுருண்டு வுழுந்துச்சே, நீதான பாத்துகினு இருந்தே?"

பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். முருங்கை மரத்தடியில் கழுத்தைச் சாய்த்துக்கொண்டு அது விழுந்ததையும், அதன் கண்மேல் வெள்ளைத் தோல் மூடியதையும் நான் மறக்கவில்லை. அதனால் கல்சட்டி அசையாமல் காவல் காக்கும் வேலையை அம்மா என்னிடம் கொடுத்தபோது அதை ஒரு பதவி போலவே ஏற்றுக்கொண்டேன்.

அந்த வருடம் தனம் அக்காவுக்குத் தலைப்பொங்கல். பதினாறு வயது அவளுக்கு. ஆவணியில்தான் கல்யாணம் ஆகியிருந்தது. கணவர் கன்னியப்பன் மாமா நெமிலிச்சேரிக்காரர், நல்ல உயரம், உரக்கச் சிரிப்பார், பரிமாறுகிறவர் கை ஓயும்வரை சாப்பிடுவார். வந்த நாளிலிருந்து என்னைச் சீண்டுவதுதான் அவருக்குப் பொழுதுபோக்கு.

"இன்னா மச்சினி, நீயும் எங்கூட்டுக்கு வந்துடறியா? உங்கக்கா சுடுற தோசய மாடு கூட மோந்து பாத்துட்டு மூஞ்சத் திருப்பிக்கினு போவுது."

"அப்ப தெனம் ஆறு தோச துன்றது யாராம்?" என்று அக்கா அடுப்பங்கரையிலிருந்தே கேட்பாள். எல்லோரும் சிரிப்போம்.

காணும் பொங்கலன்று நடுப்பகலில் கறிச்சோறு முடிந்தது. மாமா மூன்று தடவை சோறு வாங்கி, எழுந்திருக்கும்போது தூணைப் பிடித்துக்கொண்டார். அம்மா சாறு பிழிந்து வைத்துவிட்டு, பக்கத்து வீட்டுப் பெரியவர்களுக்கு வெற்றிலை பாக்கு கொடுக்கப் போனாள். "தெளிஞ்சதும் இறுத்து மாமாவுக்குக் குடு, வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். கல்சட்டிக்கு எதிரே நான் சப்பணமிட்டு உட்கார்ந்தேன். தெருவில் என் கூட்டுப் பெண்கள் ஏரிக்கரைக்குக் கும்மியடிக்கப் போக என்னை அழைத்துக்கொண்டிருந்தார்கள். கூடத்திலிருந்து மாமாவின் குரல் வந்தது.

"இன்னா மச்சினி, இஞ்சி நட்டு மொளைக்கட்டும்னு குந்திகினு கீறியா?"

சாறு பாதிக்குமேல் தெளிந்திருந்தது. அப்படியே தூக்கி வெளிச்சத்தில் வைத்து இறுத்துவிடலாம் என்று கல்சட்டியை எடுத்தேன். அடுப்பங்கரை நிலைப்படியில் கால் தடுக்கியது. கீழே சிந்தவில்லை, ஆனால் வண்டல் அத்தனையும் கிளம்பி, சாறு மஞ்சள் சேறாகிவிட்டது. மறுபடியும் முதலிலிருந்து தெளியவிட வேண்டும். தெருவில் கும்மிப் பெண்கள் நகரத் தொடங்கிவிட்டார்கள். ஒரு கண நேரம், ஒரே ஒரு கண நேரம்தான், "ஒரு தடவைக்கு என்ன ஆகிவிடப் போகிறது" என்று நினைத்தேன். எல்லாவற்றையும் டம்ளரில் ஊற்றி, அதன்மேல் கொதிக்கிற வெல்லத் தண்ணீரை ஊற்றிக் கொண்டுபோய் நீட்டினேன்.

மாமா ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைப் பார்த்தார்.

"இன்னாமே, கஞ்சியாட்டம் கீது?"

"எங்கூட்டுக் கசாயம் அப்பிடித்தான்" என்றேன். அவர் மீதியையும் ஒரே மடக்கில் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார்.

நான் ஏரிக்கரைக்குப் போகவில்லை. வாசற்படிவரை போனவளுக்கு முருங்கை மரம் கண்ணில் பட்டது. திரும்பி வந்தபோது அக்கா தலை குனிந்து இலைகளை எடுத்துக்கொண்டிருந்தாள். அவள் கழுத்தில் தாலிக்கயிற்றின் மஞ்சள் இன்னும் நிறம் மங்காமல் இருந்தது. எதிர்வீட்டு அத்தைக்குப் போன வருடம் என்னென்ன நடந்தது என்பதை நான் அறிவேன். பூ, பொட்டு, வளையல், கடைசியாக அந்தக் கயிறு, இந்த வரிசையில் எடுத்தார்கள். அந்த வரிசையும் எனக்கு மனப்பாடமாகிவிட்டிருந்தது.

அம்மா வந்ததும் கல்சட்டியைப் பார்த்தாள். "வண்டல எங்க கொட்டினே?"

"சாம்ப மேட்டுல."

"கெட்டிக்காரி" என்று என் தலையைத் தடவினாள். அந்தக் கையைத் தட்டிவிட்டு ஓடவேண்டும் போலிருந்தது.

மாமா களத்துப் பக்கம் வேப்பமர நிழலில் கயிற்றுக் கட்டிலைப் போட்டுப் படுத்துவிட்டார். "இவுரு படுத்தா நெமிலிச்சேரி ரயிலே நின்னு கேட்டுட்டுப் போவும், அப்பிடி ஒரு கொறட்ட" என்று அக்கா அந்த மூன்று நாளில் முப்பது தடவை சொல்லியிருந்தாள். அன்றைக்குக் குறட்டை இல்லை. வைக்கோல் போருக்குப் பின்னால் நின்று வெகுநேரம் காது கொடுத்துக் கேட்டேன். ஈ ஒன்று நெற்றியில் உட்கார்ந்தது, அவர் அசையவில்லை. கடைசியில் மெல்ல நெருங்கி, என் சுட்டுவிரலை அவர் மூக்குக்குக் கீழே நீட்டினேன். மூச்சு பட்டது, இஞ்சி வாசனையோடு. இருபதுவரை எண்ணிவிட்டுப் போனேன். மறுபடி வந்து நீட்டினேன். வெயில் சாயும்வரை இப்படி ஏழு முறை.

எழுந்தவர் ராச்சோறு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அம்மா ஆச்சரியப்பட்டாள். அவரும் அக்காவும் ஊர் திரும்ப வண்டி பூட்டியாயிற்று. ஏறுவதற்கு முன்னால் மாமா எங்கள் நைனாவின் கையைப் பிடித்துக்கொண்டார். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம்.

"எது எப்பிடி இருந்தாலும் தனம் உங்க பொண்ணு. நல்லா பாத்துக்குங்க மாமா."

"பக்கத்து ஊருக்குப் போறதுக்கு இன்னா மாப்ளே இந்தப் பேச்சு" என்று நைனா சிரித்தார். வண்டிக்குப் பின்னாலேயே ஏரிக்கரைவரை ஓடினேன்.

"மாமா, வயிறு வலிக்குதா?"

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "இல்லமே. நீ ஊட்டுக்குப் போ, இருட்டிகினு வருது."

நெல் குதிருக்குப் பின்னால் சுவரில் கரியால் ஒரு கோடு போட்டேன். மறுநாள் இரண்டாவது கோடு. மூன்றாம் நாள் சாயங்காலம்தான் கோழி விழுந்த நேரம். அன்று நெமிலிச்சேரிப் பக்கமிருந்து யார் வந்தாலும் ஓடிப்போய் ஒளிந்துகொண்டேன். பால்காரர் சைக்கிள் மணிக்குக்கூட ஒளிந்தேன். சோறு இறங்கவில்லை. அம்மா எனக்குக் கண்பட்டிருக்கிறது என்று மிளகாய் சுற்றிப் போட்டாள்.

நான்காம் நாள் காலையில் வாசலில், தோளில் ஒரு பெரிய பூசணிக்காயோடு மாமா நின்றார். சும்மாதான் வந்தேன் என்றார். அம்மா அவசரமாகச் சோறு வடித்தாள். அவர் முதலில் வாங்கியதை உண்டு, இரண்டாவது வாங்கி, மூன்றாவது தடவை தட்டை நீட்டியபோது நான் ஓவென்று அழுதுவிட்டேன். ஏன் என்று கேட்டவர்களுக்குப் பூசணிக்காய் என்றால் பயம் என்றேன். அதன்பின் வெகுகாலம் அந்த வீட்டில் எனக்குப் "பூசணி" என்றே பெயர். சந்தோஷமாக ஏற்றுக்கொண்டேன். குதிருக்குப் பின்னால் போய் மூன்று கோடுகளையும் சாணத் தண்ணீரால் துடைத்தேன்.

அதற்குப் பின் பதினோரு பொங்கல் போய்விட்டது. நான் பூந்தமல்லியில் படித்து, ஒரு டீச்சரம்மாவின் பிடிவாதத்தால் பட்டணம் போய் மருந்து வேலை பழகினேன். யுத்தத்தில் ஆவடிப் பக்கம் பட்டாளத்துக்கு இடம் எடுத்தபோது எங்கள் வீடும் களமும் அதில் போயின. நைனாவும் அம்மாவும் வேலப்பன்சாவடியில் ஒரு சின்ன வீட்டுக்கு வந்துவிட்டார்கள். பயிற்சியின்போது ஒரு நாள் மாவுப்பொருளைக் கண்டுபிடிக்கும் சோதனை செய்து காட்டினார்கள். ஒரு சொட்டு அயோடின் விட்டால் மாவு உள்ள இடம் நீலமாகிக் கறுக்கும். கொதிநீர் பட்டால் அது கஞ்சியாகும். கஞ்சி என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குக் கல்சட்டியின் வண்டல் நினைவுக்கு வந்தது. மாமா டம்ளரைப் பார்த்துச் சொன்ன சொல் அது.

போன பொங்கலுக்கு வேலப்பன்சாவடிக்குப் போகும்போது காயத்துக்குப் போடும் அயோடின் ஒரு சின்னக் குப்பியில் வாங்கிக்கொண்டு போனேன். அக்காவும் மாமாவும் மூன்று பிள்ளைகளோடு வந்திருந்தார்கள். அம்மா கல்சட்டியில் சாற்றைத் தெளியவைத்து இறுத்த பிறகு, வண்டலைக் கொட்டவிடாமல் வாங்கி, மூன்று கிண்ணம் வைத்தேன்: ஒன்றில் வெறும் தண்ணீர், ஒன்றில் வடிகஞ்சி, ஒன்றில் வண்டல். ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு. தண்ணீர் மஞ்சளித்து நின்றது. கஞ்சி நீலமாய்க் கறுத்தது. வண்டலும் அப்படியே கறுத்தது.

"இது மாவும்மா. அரிசியில கீற மாதிரி, இஞ்சிக் கெழங்குல கீற மாவு. வெசமே இல்ல."

"அப்ப அந்தக் கோழி?"

"அதுக்கு ஏதாவது சீக்கு வந்துருக்கும்."

"நல்லாத்தான இருந்துச்சு அது" என்று அம்மா முணுமுணுத்தாள். கோழியை விட்டுக்கொடுக்க அவளுக்கு மனமில்லை.

அப்போது எல்லோர் முன்னிலையிலும், தலைப்பொங்கலன்று நான் செய்ததைச் சொன்னேன். நிலைப்படி, டம்ளர், சாம்பல் மேட்டுப் பொய், மூக்கடியில் விரல், மூன்று கோடு, எதையும் விடவில்லை. அக்கா வாயில் கை வைத்துக்கொண்டாள். மாமா மட்டும் ஆச்சரியப்படவில்லை. கறுத்த கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"குடிச்சி முடிச்சதும் டம்ளர் அடியில ஒட்டிகினு கீறத பாத்தேன், மச்சினி. எங்கூட்லயும் அத வெசம்னுதான் கொட்டுவாங்க."

"அப்ப தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாம? கட்டில்ல படுத்தேனே, தூங்கினேனா நான்? இப்ப போவுமா, அப்ப போவுமான்னு கண்ண மூடிகினு கெடந்தேன். நடுவுல நீ வேற வந்து வந்து வெரல நீட்டினே. ஒவ்வொரு வாட்டியும் எமன்தான் வந்துட்டான்னு நெனச்சேன்."

அக்காவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "வாயத் தொறந்து சொல்றதுக்கு இன்னாவாம்?"

"சொன்னா உங்கம்மா இந்தப் பொண்ண உரிச்சிருப்பாங்க. அதுவும் போவட்டும். புது மாப்ள சாவப் போறேன்னு ஊரக் கூட்டிட்டு, அப்புறம் சாவலன்னா மானம் இன்னா ஆவுறது? அதான் மச்சினி, நாலாம் நாளு, உயிரோட கீறேன்னு உன்கிட்ட காட்டத்தான் பூசணிக்காய தூக்கிகினு வந்தேன்."

ஆக, அந்த மூன்று நாளும் நான் மட்டும் தனியாகப் பயந்துகொண்டிருக்கவில்லை. பதினோரு வருடம் நெஞ்சில் ஒரு மூலையில், அசைக்காமல், நான் தெளியவைத்திருந்தது அன்றைக்குத்தான் கொட்டிப் போயிற்று.

வெள்ளானூர் வீடு இல்லை. களமும் வேப்பமரமும் இல்லை. கரிக்கோடு போட்ட சுவரும், நான் தடுக்கிய நிலைப்படியும் இல்லை. அம்மாவின் வரிசையில் கடைசியாக இருந்த, வண்டலைக் கொட்டும் வேலையும் இனி இல்லை. இழந்தவற்றைப் பட்டியலிட்டால் மனம் கனக்கும். ஆனால் இந்தப் பட்டியலின் கடைசி வரியை எழுதும்போது எனக்கு மூச்சு லேசாகிறது.

மாமா கல்சட்டியை எடுத்து, அடியில் மிச்சமிருந்ததை நன்றாகக் கலக்கி, டம்ளரில் கவிழ்த்து, கொதிநீரை ஊற்றச் சொன்னார். கெட்டியாக வந்தது. நின்றபடியே குடித்தார்.

"கஞ்சி நல்லா கீது" என்று சொல்லிவிட்டுக் கூடத்துக்குப் போய்ப் பாயில் சாய்ந்தார். நாங்கள் கிண்ணங்களைக் கழுவிக் கவிழ்ப்பதற்குள்ளாகவே, பதினோரு வருடம் முன்பு வைக்கோல் போருக்குப் பின்னால் நின்று நான் காத்திருந்த அந்தக் குறட்டை அங்கிருந்து கேட்டது.