அரைக் கோடு

மைக்ரோமீட்டரின் திருகு "கிரிக், கிரிக், கிரிக்" என்று மூன்று முறை சொன்னால்தான் அளவு. இரண்டோடு நின்றுவிட்டால் அது வதந்தி. இந்தச் சட்டத்தை இயற்றியவர், அமல்படுத்துபவர், மீறுவோரைத் தண்டிப்பவர் எல்லாம் ஒருவரே. எஞ்சின் பட்டறையின் அளவு மேசையை ஆளும் மைக்ரோ அக்கா.

"கொஞ்சம்" என்ற சொல்லுக்கும் அவருக்கும் ஜென்மப் பகை. "கொஞ்சம் வலிக்கும்" என்ற பல் வைத்தியரிடம், "கொஞ்சம்னா எவ்வளவு டாக்டர்?" என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை வாயை இறுக மூடிக்கொண்டார். அதே பட்டறையில் கிரைண்டிங் மெஷினில் நிற்கும் கணவர், "உப்பு கொஞ்சம் கம்மி" என்ற வாக்கியத்தைத் தினமும் சாப்பாட்டோடு சேர்த்து விழுங்கிவிடுவார்.

அன்று மேசையில் கிடந்தது ஒரு பள்ளி வேனின் கிராங்க் ஷாஃப்ட், எஞ்சினுக்குள் சுழலும் தண்டு. பக்கத்தில், ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நிற்கும் முகத்தோடு ஒரு பெரியவர். வேனுக்கு ஓட்டுநரும் அவரே, முதலாளியும் அவரே. தேய்ந்த ஷாஃப்டைக் கிரைண்டிங்கில் மெலியவைத்து, அதற்கேற்ற தடித்த பேரிங் போடுவது வழக்கம். இதை ஏற்கெனவே இருமுறை மெலியவைத்தாயிற்று. இன்னும் ஒரு முறைக்குச் சதை இருந்தால் வேன் ஓடும். இல்லாவிட்டால் பழைய இரும்புக் கடை. அந்த மாடலுக்குப் புது ஷாஃப்ட் எங்கும் கிடையாது.

பேரிங் உட்காரும் இடங்களில் கடைசி ஒன்றைத் தவிர எல்லாம் தேறின. அதில் அப்பியிருந்த பிசுக்கை அக்கா இரு கையாலும் மல்லுக்கட்டித் துடைத்துவிட்டு அளந்தார். மைக்ரோமீட்டரின் கோடுகளில், எல்லைக்கு அரைக் கோடு குறைவு. மறுபடியும் அதே.

"அரைக் கோடுதானே, விட்டுடேன்" என்றார் கணவர்.

"உங்களுக்கு அது அரைக் கோடு. எண்ணெய்க்கு நாலு வண்டி போற ரோடு."

"அப்போ போச்சாம்மா?" என்றார் பெரியவர்.

அக்கா மைக்ரோமீட்டரைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். அந்தக் குளிர்காலக் காலையில் இரும்புக்கு இவ்வளவு இதம் ஆகாது.

"நான் துடைக்கிறப்போ இது யார் கையில இருந்துச்சு?"

"என் கையிலதாம்மா. விளிம்புல இருந்துச்சு. விழுந்துடப் போகுதேன்னு ரெண்டு கையாலயும் பொத்திக்கிட்டேன்."

"பொத்தி வச்சுக்க அது என்ன பச்சப்புள்ளையா? சூடு ஏறினா கருவி விரியும் பெரியவரே. விரிஞ்சா, இருக்கிறதைக் குறைச்சுச் சொல்லும்."

"எங்க வீட்லயும் சூடு ஏறினா அப்படித்தான்" என்று கணவர் தன் மெஷினிடம் ரகசியமாகச் சொன்னார்.

கருவியை ஷாஃப்டின் பக்கத்தில் படுக்கவைத்து, மேசையைச் சுற்றி அக்கா ஊரடங்கு அறிவித்தார். பெரியவர் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு கைதி மாதிரி நின்றார். ஒரு துண்டு இரும்பு ஆறட்டும் என்று பட்டறையே காத்திருந்தது.

பிறகு துணி சுற்றிப் பிடித்து அளந்தார். ஷாஃப்டைக் கால் வட்டம் திருப்பி இன்னொரு முறை அளந்தார். கணவர் மெஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். பெரியவருக்குக் கருவியைப் படிக்கத் தெரியாது. அக்காவின் முகத்தைப் படிக்கப் பார்த்தார். அதிலும் எண்கள் இல்லை.

இரும்புக் கடைக்குப் போகும் ஷாஃப்டைத் துடைத்தது துடைத்தபடியே மூலையில் சாய்த்துவிடுவார்கள். துருப்பிடித்தால் கேட்க ஆளில்லை. அக்கா மைக்ரோமீட்டரைப் பெட்டிக்குள் வைத்தார். எண்ணெய்க் கிண்ணத்தில் விரல்களை முக்கி எடுத்து, அந்தக் கடைசி இடத்திலிருந்து ஆரம்பித்து, ஷாஃப்ட் முழுக்க நிதானமாகத் தடவத் தொடங்கினார்.